சொல்லிட்டான்

அந்தத் தெருவில் ஒருவன் எல்லை தாண்டிவிட்டான் என்பதை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "சொல்லிட்டான்" என்பார்கள். அவ்வளவுதான். பேக்கரிக்காரர் மகன் என்ன ஆனான் என்று கேட்டால், "போன வாரமே சொல்லிட்டானே, உங்களுக்குத் தெரியாதா?" என்று பதில் வரும். அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு காடு, ஒரு ஆறு, லாரியின் அடித்தட்டு, மூன்று நாட்டுப் போலீஸ், நாற்பது நாள் அரைவயிறு எல்லாம் அடங்கிவிடும். செய்தித்தாளில் இதற்குப் பெரிய பெரிய வார்த்தைகள் உண்டு. சட்டவிரோதக் குடியேற்றம் என்பார்கள், ஊடுருவல் என்பார்கள், பிடிபட்டவர்களை வரிசையாக உட்காரவைத்து ஒரு படமும் போடுவார்கள். தெரு அந்தப் பக்கத்தை எடுத்து அலமாரித் தட்டில் விரித்துக்கொள்ளும். இன்னும் சொல்லவில்லை என்றால் வழியில் இருக்கிறான் என்று அர்த்தம். ஒரு வருஷம் ஆகியும் சொல்லவில்லை என்றால், அவனைப் பற்றி அவன் வீட்டாரிடம் யாரும் பேச்செடுக்க மாட்டார்கள்.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால் எல்லோருடைய கையும் மருந்துக்கடை மாடியைத்தான் காட்டும். ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படி. மேலே தகரக் கூரை போட்ட நீள அறை. இரண்டு தையல் மிஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், வெட்டுவதற்குப் பழைய கதவைக் கால் வைத்து அடித்த மேஜை. அங்கே இருப்பவளைத் தெரு முழுக்கத் தையலக்கா என்று கூப்பிடும். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். அவளும் போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு இரண்டாவது தொழில் ஒன்று இருந்தது. அதுவாக வந்து சேர்ந்தது. ஆட்களை அக்கரை சேர்க்கிற ஏஜெண்ட் கூலியை முன்னால் கேட்பான். முன்னால் கொடுத்தால் ஆளை நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போய்விடுவான். பின்னால் தருகிறேன் என்றால் அவன் நம்ப மாட்டான். ஒருத்தரை ஒருத்தர் நம்பாத இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். தெரு யோசித்துப் பார்த்தது. ஊரில் யாருக்கு இடுப்பு எத்தனை அங்குலம், கல்யாணத்துக்கு அப்புறம் எத்தனை அங்குலம், யாருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கிறது, யார் கழுத்துத் தழும்பை மறைக்கக் காலர் வைத்துத் தைக்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் ஒருத்திக்குத் தெரியும். இருபது வருஷத்தில் அவள் ஒருத்தரிடமும் வாயைத் திறந்ததில்லை. இதைவிட வேறு என்ன சர்டிபிகேட் வேண்டும்?

முறை இதுதான். போகிற குடும்பம் ஏஜெண்டுக்குச் சேரவேண்டிய பொருளைக் கொண்டுவந்து கொடுக்கும். பெரும்பாலும் நகைதான். தையலக்கா அதைத் தடித்த துணியில் வைத்து நாலு பக்கமும் மிஷினில் ஓட்டிப் பொட்டலமாக்குவாள். போகிறவனும் வீட்டாரும் கூடிப் பேசி ஒரு சொல்லை முடிவு செய்வார்கள். அதைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுப்பார்கள். சீட்டை அவள் பார்க்கக் கூடாது. அதையும் ஒரு சின்னத் துணியில் வைத்துத் தைத்துப் பொட்டலத்தோடு கட்டிவிடுவாள். ஆள் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்ததும் போன் பண்ணிச் சொல்லைச் சொல்வான். காதில் விழுந்ததை அவள் சாக்கட்டியால் மேஜையில் எழுதுவாள். பிறகு பிளேடால் தையலைப் பிரித்துச் சீட்டைப் பார்ப்பாள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பொட்டலம் ஏஜெண்டுக்குப் போகும்.

வழியில் வரக்கூடிய பேச்சாக இருக்கக் கூடாது என்பதால் ஆட்கள் விசித்திரமான சொற்களாகத் தேடிப் பிடிப்பார்கள். ஒருத்தன் "முதலை" என்று எழுதினான். இன்னொருத்தன் மாமியாருக்குத் தான் வைத்திருந்த பட்டப்பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு, இந்தப் பக்கம் மாமியாரே தையலக்காவோடு போனில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்க, சொல்லைச் சொல்லத் திண்டாடினான். என்ன சொல் என்பதா முக்கியம்? சொல்லாமல் இருக்க முடியும் என்பதுதான் அதிலிருந்த சூட்சுமம். வெல்டிங் பட்டறைக்காரரின் மருமகன் ஒருமுறை போனில் பத்து நிமிஷம் பேசினான். வந்து சேர்ந்துட்டேன், ரூம் நல்லா இருக்கு, குழாயைத் திறந்தா வெந்நீர் வருது என்று கதை கதையாக அளந்தான். கடைசிவரை சொல் மட்டும் வரவில்லை. தையலக்கா போனை வைத்துவிட்டு ஏஜெண்டிடம், "பேசினான், சொல்லலை" என்றாள். ஏஜெண்ட் கத்தினான், மிரட்டினான், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அவனை உண்மையாகவே கூட்டிப் போனான். பேசும்போது அவன் விலாவில் ஒருத்தன் கட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தானாம்.

அதனால் அவளுக்கு இரண்டே சட்டம். சொல் என்னவென்று தெரிந்துகொள்ளக் கூடாது. அடி எடுத்துக் கொடுக்கக் கூடாது. பன்னிரண்டு வருஷத்தில் முப்பத்தாறு பொட்டலம் அவள் கையிலிருந்து போயிருக்கிறது. ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை. முப்பத்தேழாவது அவள் தம்பியுடையது.

தம்பி அவளைவிடப் பதினாலு வயது சின்னவன். அம்மா அப்பா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு ஆறு வயது. அவளுக்குக் கல்யாணம் நடந்து, நடந்த வேகத்திலேயே முடிந்தும் போனதால், வளர்க்க வேறு பிள்ளை இருக்கவில்லை. வெட்டுமேஜைக்கு அடியில், துணி வெட்டில் விழுந்த குப்பையில்தான் அவன் தூங்கி எழுந்தான். பெரியவனாகி ஒயரிங் வேலை கற்றுக்கொண்டான். கட்டிய பெண்ணும் நல்ல மாதிரி. தெருக்கோடியில் சலவைக்கடையில் துணி மடிக்கிற வேலை, யார் வம்புக்கும் போகாதவள், சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறவள். இரண்டு வருஷம் சந்தோஷமாக இருந்தார்கள். பிறகு அவன் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. கட்டட வேலையும் நின்றுபோனது. எட்டு மாதம் வீட்டு மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தவன், ஒருநாள் படியேறி வந்து, "அக்கா, நானும் போறேன்" என்றான்.

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. முப்பத்தாறு பேரை அனுப்பிவைத்தவள் எந்த முகத்தோடு வேண்டாம் என்பாள்? ஆனால் நடு ஆளாக வேறு யாரையாவது வைத்துக்கொள்ளச் சொன்னாள். தம்பி மனைவிதான் பிடிவாதமாக மறுத்தாள்.

"உங்களை விட்டா நான் யாரை அண்ணி நம்புவேன்? என்கிட்ட இருக்கிறதே இவ்வளவுதான். இது உங்ககிட்ட இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்."

ஏஜெண்டுக்கும் ஆட்சேபணை இல்லை. "தையலக்கா கை சுத்தம். தம்பியா இருந்தா என்ன, தாத்தாவா இருந்தா என்ன" என்றான். தங்கப்பிரேம் கண்ணாடி போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சாந்தமாகப் பேசுகிறவன்.

தம்பி மனைவியின் நகையை வைத்துப் பொட்டலம் தைத்தாயிற்று. தம்பி சீட்டை மடித்து நீட்டினான். அவள் வாங்கித் துணிக்குள் வைக்கும்போது குனிந்து அவள் காதோரம், "குடைக்கம்பின்னு எழுதியிருக்கேன்க்கா" என்றான்.

"எருமை! எதுக்குடா சொன்னே?"

"உனக்குத் தெரியாம எனக்கு என்ன ரகசியம்? சின்ன வயசுல அதை வெச்சுத்தானே என்னைத் தொரத்துவே."

அவன் சிரித்தான். அவன் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தையலக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, போய் வேறு சொல் எழுதிக்கொண்டு வா என்றிருப்பாள். இரண்டு முறை அப்படிச் செய்தும் இருக்கிறாள். அன்றைக்குச் செய்யவில்லை. போகிற நேரத்தில் பிள்ளை ஆசையாகச் சொன்னான், அதைப் போய் அபசகுனம் மாதிரி திருத்துவானேன் என்று தோன்றியது.

பதினோரு நாள் சத்தம் இல்லை. மற்றவர்களுக்காகக் காத்திருந்தபோது அவளுக்கு வேலை ஓடியது. இப்போது ஓடவில்லை. பள்ளிச் சீருடை நாற்பது உருப்படி வந்திருந்தது. ஒரு சட்டைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்தாள். பிரித்துத் தைத்தபோது மறுபடியும் இரண்டு இடக்கை. சாயங்காலம் சலவைக்கடை முடிந்து தம்பி மனைவி வந்து எதிரில் உட்காருவாள். இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கீறல் விழுந்த பழைய கைபேசி அது. மிஷின் பக்கத்து ஆணியில் ஒரு துணிப்பையில் தொங்கும்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் மிஷின் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. போன் அடித்தது அவள் காதில் விழவில்லை. பை ஆடுவதைப் பார்த்துத்தான் பாய்ந்து எடுத்தாள்.

"அக்கா..."

"டேய்! எங்கடா இருக்கே? நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்க்கா. வந்து சேர்ந்துட்டோம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சது."

குரல் அவனுடையதுதான். ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நடுநடுவே கரகரவென்று அறுந்தது. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அறைக்கோடிக்கு ஓடினாள். அங்கே இன்னும் மழைச் சத்தம். இந்தக் கோடிக்கு ஓடிவந்தாள்.

"சொல்லுடா, சொல்லு!"

"அக்கா, கேக்குதா? நல்லா பாத்துக்கிட்டாங்க. சாப்பாடெல்லாம் குடுத்தாங்க."

"சரிடா. சொல்லு."

"வந்து சேர்ந்துட்டோம்க்கா. நீ பேசறது கேக்கலை. இங்க எல்லாம் நல்லபடியா இருக்கு."

பன்னிரண்டு நாளாகத் தூங்காதவள். அந்த நேரத்தில் அவள் நடு ஆளாக இல்லை. வெட்டுமேஜைக்கு அடியில் தூங்கின பிள்ளை எங்கேயோ போய்ச் சேர்ந்துவிட்டது, லைன் அறுந்துகொண்டிருக்கிறது, அது அறுந்துவிட்டால் மறுபடி என்றைக்கோ என்ற பதைப்பு மட்டும்தான் இருந்தது. அவனாகச் சொல்ல வேண்டியதை அவள் கத்தினாள்.

"குடைக்கம்பி! குடைக்கம்பிதானேடா? ஆமான்னு சொல்லு!"

கரகரப்பு. யாரோ பக்கத்தில் இருமினார்கள். பிறகு அவன் குரல் வந்தது. "ஆமாக்கா. ஆமா, ஆமா."

லைன் அறுந்துவிட்டது.

அவள் மேஜைக்குப் போய்ச் சாக்கட்டியை எடுத்தாள். வழக்கம்போல எழுதினாள். பிளேடால் பிரித்தாள். சீட்டில் அவன் கோணல் எழுத்தில் அதே சொல். இரண்டும் ஒன்றாக இருந்தன. இல்லாமல் எப்படி இருக்கும்? எழுதினதும் அவள்தான், சொன்னதும் அவள்தான். அப்போது அது அவள் மண்டையில் ஏறவில்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை. எங்கேயோ ஒரு மூலையில் உறுத்தியது. அவள் அதைச் சந்தோஷத்தால் மூடினாள். அவன்தான் ஆமா என்றானே, அவன் குரல்தானே என்று தனக்குத் தானே வாதாடினாள். ஒரு மணி நேரத்தில் கண்ணாடிக்காரன் நனைந்துகொண்டே வந்தான். பேசினானா என்று கேட்டான்.

"சொல்லிட்டான்" என்றாள் தையலக்கா. பொட்டலத்தைக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் தம்பி மனைவி வந்தபோதும் அதே வார்த்தைதான். அந்தப் பெண் வாயை மூடிக்கொள்ள மறந்து சிரித்தாள். ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கேட்டாள்.

"எப்படி அண்ணி சொன்னாரு? சிரிச்சுக்கிட்டே சொன்னாரா?"

"சிரிச்சுக்கிட்டேதான்."

மூன்று நாள் சலவைக்கடையிலிருந்து மருந்துக்கடை வரை எல்லோருக்கும் இனிப்பு. எதிர்ப்பட்டவர்களெல்லாம் தம்பி மனைவியை நிறுத்தி, "சொல்லிட்டாராமே!" என்றார்கள். அவளும் ஒவ்வொருத்தரிடமும் நின்று, "ஆமாங்க, சொல்லிட்டாரு" என்று புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னாள். நாலாம் நாளும் போன் வரவில்லை. போய்ச் சேர்ந்தவர்கள் ஒரு வாரத்தில் மறுபடி கூப்பிடுவார்கள், அதுதான் வழக்கம். ஒரு வாரம் போனது. பத்து நாள் போனது. "வேலை தேடி அலையறாரோ என்னமோ" என்றாள் தம்பி மனைவி. "அப்படித்தான் இருக்கும்" என்றாள் தையலக்கா. மிஷினைவிட்டு அவள் தலை நிமிரவில்லை.

பதினாலாம் நாள் பதினோரு மணிவாக்கில் ஏதோ தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. இந்த முறை மழை இல்லை. பக்கத்து அறையில் இருக்கிறவன் பேசுகிற மாதிரி குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"அக்கா, நான் தாண்டலை."

அவள் மிஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம்தான் இருக்கேன். ஆத்துக்கு இந்தப் பக்கம். ஒரு செங்கல் சூளைல ஒளிஞ்சு இருக்கோம். இன்னிக்குத்தான் ஒரு கடைக்காரன்கிட்ட கெஞ்சிப் போன் வாங்கினேன். மூணு பேர். ஏஜெண்டோட ஆளுங்க போயிட்டாங்க."

"அன்னிக்குப் பேசினியேடா..."

"பேசச் சொன்னாங்க. கழுத்துல கத்தியை வெச்சுட்டு, வந்து சேர்ந்துட்டேன்னு சொல்லச் சொன்னாங்க. நான் சொன்னேன். ஆனா சொல்லைச் சொல்லலைக்கா. சொல்லாம விட்டா நீ புரிஞ்சுக்குவேன்னு தெரியும். உன் குரல் ஒண்ணுமே கேக்கலை, ஒரே மழைச் சத்தம். நான் பாட்டுக்கு ஆமா ஆமான்னு ஓட்டிட்டு வெச்சுட்டேன். மனசுக்குள்ள சிரிப்புதான் வந்துச்சு. எங்கக்காவை ஏமாத்த முடியுமாடா உங்களாலன்னு."

அவன் மூச்சு வாங்கினான்.

"அன்னிக்கு ராத்திரியே மத்தவங்களை ஆத்தைத் தாண்டிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்க யாருமே இன்னும் சொல்லலை இல்லையா, அதனால பத்திரமா தூக்கிட்டுப் போறாங்க. என்னையும், கத்திக்குப் பயந்து சொல்லைச் சொல்லிட்ட ரெண்டு பேரையும் மட்டும் விட்டுட்டாங்க. ஏண்டான்னு கேட்டா, உன் சொல் வந்துருச்சு, பொருள் கைக்கு வந்துருச்சு, உன்னைத் தூக்கிச் சுமக்க இனி எங்களுக்கு என்னன்னு கேக்கறான். நான் சொல்லவே இல்லையே அக்கா! யார் சொன்னது?"

இங்கேதான் அவள் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை போதும், நான்தாண்டா சொன்னேன் என்று. அவன் கோபப்படுவான் என்றெல்லாம் அவள் பயப்படவில்லை. அவன் கோபப்பட மாட்டான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு வினாடி எடுத்துக்கொள்ளலாம், மூச்சுவிட்டுக்கொண்டு சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த ஒரு வினாடியில் அவன் தானாகவே பதிலைக் கண்டுபிடித்துவிட்டான்.

"நீ சொல்லியிருக்க மாட்டே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? செத்தாலும் உன் வாய்ல இருந்து வராது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அப்புறம் அவளுக்குத் தெரியும். அவதானேக்கா? கண்ணாடிக்காரன் சலவைக்கடைக்குப் போய் நைசா பேசியிருப்பான். இவளும் காத்திருந்து காத்திருந்து..." குரல் உடைந்தது. "பரவாயில்லக்கா. திட்டாதே அவளை. ஆனா எப்படிக்கா மனசு வந்துச்சு அவளுக்கு?"

"டேய், கேளுடா, அவ இல்லடா..."

"கடைக்காரன் போனைக் கேக்கறான்க்கா. நாளைக்கு விடிஞ்சதும் நாங்களே ஆத்துல இறங்கறோம். ஒருத்தனுக்கு ஆழம் இல்லாத இடம் தெரியுமாம். தாண்டினா கூப்பிடறேன்."

"டேய், அவ இல்ல! நான்..."

போன் வைக்கப்பட்டிருந்தது. அவள் உடனே அந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டாள். ஒரு ஆம்பளை எடுத்து ஏதோ பாஷையில் எரிந்து விழுந்தான். "என் தம்பி, இப்ப பேசினானே, அவன்கிட்ட குடுங்க, ஒரு நிமிஷம்" என்று அவள் கெஞ்சினாள். அவனுக்கு அவள் பாஷை புரியவில்லை. வைத்துவிட்டான். மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. ஐந்தாவது முறை ஒரு பெண் குரல் பதிவு பண்ணிவைத்த ஏதோ ஒன்றைச் சொன்னது. போனை அணைத்துவிட்டான் என்பதைப் புரிந்துகொள்ள அந்தப் பாஷை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து ஏஜெண்டுக்குப் போட்டாள். அவன் எப்போதும்போலச் சாந்தமாகப் பேசினான்.

"அக்கா, நான் உங்ககிட்ட வந்து என்ன கேட்டேன்? பேசினானான்னு கேட்டேன். நீங்கதானே சொல்லிட்டான்னு சொன்னீங்க. சீட்டைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தானே குடுத்தீங்க. அப்ப அவன் தாண்டிட்டான்னுதானே அர்த்தம்? நம்ம தெருவுல அதுக்கு வேற அர்த்தம் இருக்கா என்ன?"

அவனை வாய் நிறையத் திட்டினாள். திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உடம்பைப் பாத்துக்குங்கக்கா" என்று வைத்தான் அந்தப் பாவி.

சாயங்காலம் தம்பி மனைவி படியேறி வரும் சத்தம் கேட்டபோது தையலக்கா வெட்டுமேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் விளக்கைப் போட்டாள். சலவைக்கடையின் சோப்பு வாசனை அவளோடு உள்ளே வந்தது. "என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கை வைத்ததுமே தையலக்கா உடைந்துவிட்டாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். மழையைச் சொன்னாள், அவன் சொல்லாமல் விட்டதைச் சொன்னாள், தான் எடுத்துக் கொடுத்ததைச் சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னான் என்று பொய் சொன்னதையும் சொன்னாள். செங்கல் சூளை, ஆறு, நாளை விடிந்ததும் இறங்கப் போவது என்று எல்லாவற்றையும் கொட்டினாள். கன்னத்தில் அறைவாள் என்று எதிர்பார்த்தாள். அறைந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

தம்பி மனைவி அறையவில்லை. நெற்றியில் வைத்த கையை மட்டும் எடுத்துக்கொண்டாள். நகை போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்கதான் சொன்னீங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

தையலக்கா தலையை ஆட்டினாள். இல்லை.

"அப்ப யாருன்னு நெனச்சுட்டு இருக்காரு?"

மூன்று பேருக்குத்தான் சொல் தெரியும் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். அவள் முகத்தில் அந்தக் கணக்கு ஓடி முடிந்ததைத் தையலக்கா பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை அவள் எந்தப் பெண்ணிடமும் பார்த்ததில்லை. இருபது வருஷமாகப் பெண்களைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பார்க்கிறவள் அவள்.

"நாளைக்கு ஆத்துல இறங்கும்போது அதை நெனச்சுட்டேதான் இறங்குவாரா?"

"அவன் உன்னைத் திட்டலைம்மா. திட்டாதேன்னுதான் சொன்னான்."

"அது வேறயா" என்றாள் தம்பி மனைவி.

அவள் எழுந்துபோய் ஆணியிலிருந்த பையிலிருந்து போனை எடுத்தாள். கடைசியாக வந்த நம்பரைத் தேடி அழுத்தினாள். அதே பெண் குரல், அதே புரியாத பாஷை. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுநாள் விடிந்தது. வெயில் ஏறியது. தாண்டினால் கூப்பிடுகிறேன் என்றவன் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. செய்தித்தாளில் ஆற்றைப் பற்றி ஒன்றும் போடவில்லை. போடாததற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை.

இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. தையலக்கா பொட்டலம் வாங்குவதை நிறுத்திவிட்டாள். கேட்டு வந்த இரண்டு குடும்பத்தைக் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினாள். தெருவில் இன்னும் தம்பி மனைவியை நிறுத்தி, "உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரே, அப்புறம் எப்ப உங்களைக் கூட்டிக்கப் போறாரு?" என்று கேட்கிறார்கள். அவள் ஏதோ பதில் சொல்லிவிட்டு நடக்கிறாள். தையலக்காவிடம் பேச்சு நின்றுவிட்டது. ஆனால் சாயங்காலமானால் தவறாமல் படியேறி வருகிறாள். அவன் கூப்பிட்டது இந்தப் போனுக்குத்தான், திருப்பிக் கூப்பிட்டாலும் இதற்குத்தான் கூப்பிடுவான். அவள் வரும் நேரத்துக்குத் தையலக்கா மிஷினை நிறுத்திவிடுவாள். ஜன்னலையும் சாத்திவிடுவாள், கீழேயிருந்து சத்தம் வரக் கூடாது என்று.

தம்பி மனைவி நம்பரை அழுத்திக் காதில் வைத்துக்கொள்வாள். முதலில் அவள் அந்தப் பெண் குரல் பேச ஆரம்பித்ததுமே வைத்துவிடுவாள். இப்போது வைப்பதில்லை. அது பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறாள். முடிந்து ஒரு சின்ன மௌனம் வரும். லைன் தானாக அறுவதற்கு முன்னால் மூன்று நாலு வினாடி கிடைக்கும். அதற்குள் அவள் அவசர அவசரமாகச் சொல்கிறாள்.

"நான் சொல்லலைங்க. சத்தியமா நான் சொல்லலை."